நானூற்று இரண்டு

கம்பெனி வண்டி பெத்லகேம் முனையில் இறக்கிவிட்டபோது
ஏழே முக்கால்.
விரலிடுக்கில் இன்னும் பசை.
இன்றைக்கு எத்தனை ஜோடி ஒட்டினேன் என்ற கணக்கு
சூப்பர்வைசரிடம் இருக்கிறது.

கெத்சியாள் தரையில் குப்புறப் படுத்து
மூன்றாம் வகுப்புக் கழித்தல் போடுகிறாள்.
மண்டியில் நானூற்று இரண்டு மாம்பழமாம்.
நூற்று எழுபத்தெட்டு அழுகிவிட்டதாம்.
மீதி எத்தனையாம்.

என் நாள் கூலியைவிட
இரண்டு அதிகம் அந்த மாம்பழம்.

"ரெண்டுல எட்டு போகாது,
பக்கத்து வீட்ல கடன் வாங்கு" என்றேன்
முகம்கூடக் கழுவாமல்.
பக்கத்து வீட்டில் பூஜ்ஜியம்.
"அப்போ அடுத்த வீட்ல வாங்கி,
அதுல ஒண்ண இங்க குடுத்துட்டு..."
எனக்கே எங்கோ தடுக்கியது.
நான் படித்தபோது
பூஜ்ஜியத்தை அடித்துவிட்டு
அதன் தலையில் ஒன்பது போடச் சொன்னார்கள்.
போட்டேன்.
ஒன்றுமில்லாதவன்
ஒரே கோட்டில் எப்படி ஒன்பது ஆனான் என்று
கேட்காமலேயே எட்டாவது வரை வந்துவிட்டேன்.

இவள் கேட்கிறாள்:
"எப்பம்மா திருப்பித் தரணும்?"
"எத?"
"வாங்கின கடன."

பெங்களூர் போகிற ரயில்
கூரைத் தகரத்தை உலுக்கிவிட்டுப் போனது.
அது போய் முடிகிறவரை
பதில் சொல்லாமலிருக்க எனக்கு ஒரு சாக்கு.

நாளை இரண்டாவது செவ்வாய்.
அற்புதமேரி வீட்டு வாசலில்
பத்துப் பேர் வட்டமாக உட்கார வேண்டும்.
தலைக்கு ஆயிரத்து அறுநூற்று நாற்பது.
ஒருத்தி தராவிட்டால்
ஒன்பது பேர் தர வேண்டும்.
வாங்கியது முப்பதாயிரம்.
தவணை இருபத்து நாலு.
பெருக்கிப் பார்த்ததில்லை.
பெருக்கத் தெரியாமல் இல்லை.

"இது கடன் இல்லம்மா, சில்லறை மாத்தறது."
ஷூ டப்பா அட்டையில் வெட்டிய நோட்டுகளை
பாயில் பரப்பினாள்.
நூறு நாலு. பத்து கிடையாது. ஒன்று ரெண்டு.
ஒரு நூறு டப்பாவுக்குள் போனது,
பத்து பத்துகள் வெளியே வந்தன.
ஒரு பத்து உள்ளே போனது,
பத்து ஒன்றுகள் வந்தன.
"இப்ப எண்ணு."
மூன்று நூறு, ஒன்பது பத்து, பன்னிரண்டு ஒன்று.
ஓ.
அந்த ஒன்பது இதுதானா.
அதே நானூற்று இரண்டுதான்,
வேறு மாதிரி உட்கார்ந்திருக்கிறது.
யாரும் யாருக்கும் பாக்கியில்லை.

இருநூற்று இருபத்து நாலு என்று எழுதியவள்
சரிபார்க்க இன்னொரு வழியும் வைத்திருந்தாள்,
நயாஸ் பாய் கடையில் மீதி எண்ணித் தருவாரே, அதுபோல:
"நூத்தி எழுபத்தெட்டு...
ரெண்டு போட்டா நூத்தி எண்பது,
இருவது போட்டா எரநூறு,
இன்னும் எரநூத்தி ரெண்டு."
விரலை மடக்கவேயில்லை.

அவள் தூங்கினதும்
நோட்டின் கடைசிப் பக்கத்தைத் திருப்பினேன்.
ஆயிரத்து அறுநூற்று நாற்பதை
இருபத்து நாலால் ஒரேயடியாய்ப் பெருக்க பயம்.
உடைத்துக்கொண்டேன்.
இருபதால்: முப்பத்தீராயிரத்து எண்ணூறு.
நாலால்: ஆறாயிரத்து ஐந்நூற்று அறுபது.
கூட்டினால் முப்பத்தொன்பதாயிரத்து முந்நூற்று அறுபது.
அதில் முப்பதாயிரம் போக
ஒன்பதாயிரத்து முந்நூற்று அறுபது.
இந்தக் கழித்தலில்
கடன் வாங்கவே தேவைப்படவில்லை.

ஒன்பதாயிரத்துச் சொச்சத்தை
என் நாள் கூலியில் பிரித்தால்
இருபத்து மூன்று நாள், அப்புறம் ஒரு அரை நாள்போல.
வகுத்ததை எழுதவில்லை.
விளக்கை அணைத்தேன்.

காலையில் பார்த்தால்
என் கணக்கின் ஓரத்தில் சிவப்புக் கிரேயானில் ஒரு டிக்,
அதன்கீழ் அவள் டீச்சரைப் போலவே சாய்த்து எழுதியிருக்கிறாள்:
"விடை சரி. அலகு எழுதவில்லை.
ரூபாயா, மாம்பழமா?"

பென்சிலை எடுத்தேன்.
நாள் என்று எழுதலாமா என யோசிப்பதற்குள்
முனையில் வண்டி ஹாரன்.